நீலமா, கருப்பா?

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வரும் என்பது பதிப்பாளர்களுக்கு வருஷம் முழுக்கத் தெரியும். ஆனாலும் வேலையைக் கொண்டுவந்து கொட்டுவது டிசம்பரில்தான். திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில், குடியிருந்த வீட்டின் முன்னறையிலேயே நான் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, பில் புக், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று வண்டி ஓடும். கார்த்திகை பிறந்தால் கவிதைத் தொகுப்புகள் வர ஆரம்பிக்கும். 2008-ல் அந்தக் கூட்டம் வருமுன் புது சிஸ்டம் போட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். பழைய பெண்டியம் 4 தேய்ந்துபோயிருந்தது. ஃபோட்டோஷாப்பில் ஒரு ராப்பரை, அதாவது புத்தக மேலட்டையைத் திறந்துவிட்டு, எழுந்துபோய்க் காபி கலந்து வந்தாலும் மணல்கடிகாரம் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வாலாஜா சாலை வழியாகப் போய் மவுண்ட் ரோடைக் கடந்தால் வந்துவிடும். ரேடியோ உதிரி பாகம் விற்ற காலத்திலிருந்தே அந்தத் தெருவுக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கேட்டாலும் "இருக்கு" என்பார்கள். இல்லாவிட்டால் நம்மை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, நாலு கடை தள்ளி ஓடிப்போய் வாங்கிவந்து தருவார்கள். பிராண்டட் வாங்குகிற காசில் அசெம்பிள் செய்தால் அதைவிட நல்ல சிஸ்டமே கிடைக்கும் என்பது அப்போது எல்லாரும் சொல்கிற கணக்கு. நானும் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். கோர் 2 டியோ, ஜி31 சிப்செட் போர்டு, 1 ஜி.பி. ராம் இரண்டு, 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், டி.வி.டி. ரைட்டர், கேபினெட். ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் நேராக விலை, வாரன்டி எத்தனை வருஷம் என்று எழுதியிருந்தது.

எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மட்டும் வரியே இல்லை. கேட்டேன்.

"அது கேபினெட்டோடவே வருதுக்கா. 450 வாட்ஸ்" என்றான் கடைப்பையன்.

எல்லாப் பாகத்தையும் நான் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றை யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. தகர டப்பாவுக்குள் தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

பையன் என் கண்ணெதிரிலேயே மாட்டினான். பிராசஸரை சாக்கெட்டில் வைத்துக் கொக்கியை அழுத்தி மூடினான். விசிறியின் நாலு முளைகளையும் குறுக்காக ஒன்று, எதிராக ஒன்று என்று க்ளிக் சத்தம் கேட்கிற வரை அழுத்தினான். ராம் இரண்டையும் பள்ளத்தில் வைத்துப் பெருவிரலால் அமுக்க, இரண்டு ஓரத்துக் கிளிப்பும் தானாக எழுந்து பிடித்துக்கொண்டன. முக்கால் மணி நேரத்தில் விண்டோஸ் எக்ஸ்பி திரையில் வந்தது. அந்தப் பையனின் கை வேலையில் எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளாளுக்கு முதலில் அவனைத்தான் திட்டினார்கள்.

முதல் சில நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒருநாள் ராப்பர் வேலையின் நடுவே திரை பளிச்சென்று ஏதோ நிறம் காட்டி அணைந்து, மறுபடி விண்டோஸ் லோகோவிலிருந்து தொடங்கியது. சேவ் செய்யாதது எல்லாம் போயிற்று. மறுநாள் டிரேஸ் எடுக்கும்போது, அதாவது அச்சகத்துக்காக லேசர் பிரிண்டரில் டிரேசிங் தாளில் பக்கங்களை அடிக்கும்போது, அதேபோல. அதற்கடுத்து ஒன்றுமே செய்யாமல் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது. பேஜ்மேக்கர் பக்கம் மாறும்போதெல்லாம் தானாக ஒரு மினி சேவ் போட்டுக்கொள்ளும் என்பதால் கவிதைகள் பிழைத்தன. ஃபோட்டோஷாப்பில் அந்தக் காலத்தில் அப்படி எதுவும் கிடையாது. ராப்பர்கள் செத்தன.

கம்ப்யூட்டர் பழுதுக்கு நம் ஊரில் முதல் மருந்து ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிடலாம்." தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் வந்து அடித்துக் கொடுத்தார். வைரஸ் என்றார். சுத்தமான ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஏற்றும்போதே ஏதோ ஒரு ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை என்று நின்றது. சி.டி.யில் கீறல் என்றார். வேறு சி.டி. போட்டதும் ஏறிவிட்டது. அன்றைக்கே அது ஒரு தடயம் கொடுத்திருந்தது. ஒரு சாஃப்ட்வேரும் ஏறாத நிலையில், ஹார்ட் டிஸ்க் காலியாக இருக்கும்போது தடுமாறுகிற இயந்திரத்துக்கு வைரஸ் எங்கிருந்து வரும்? ஆனால் அவரவர் கையில் இருக்கிற மருந்துக்கு ஏற்றபடிதான் நோய்க்குப் பேர் வைக்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன் வந்தார். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு கூச்சம் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். டெஸ்டரை வைத்தார், சிவப்பாக எரிந்தது. "எர்த்தே இல்லைம்மா இந்த வீட்டுல. மூணாவது பின் ஓட்டை சும்மா அழகுக்கு வெச்சிருக்கு" என்றார். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், மின்கம்பி வழியாக வரும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கபாசிட்டர்கள் உண்டு. அவை அந்த இரைச்சலைத் தகர டப்பாவுக்கும், அதன் வழியாக எர்த்துக்கும் தள்ளிவிடும். எர்த் இல்லாவிட்டால் டப்பா நடுவில் தொங்கிக்கொண்டு, 230 வோல்ட்டில் பாதியைச் சுமந்து நிற்கும். பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பெரிதாக அடிக்காது, கூசும். வீட்டுக்காரரிடம் பேசி, முற்றத்தில் குழி தோண்டி, புது எர்த் போட்டோம். கூச்சம் போயிற்று. சிஸ்டம் மட்டும் அணைவதை நிறுத்தவில்லை.

நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றது. கரண்ட் வந்துவந்து போனது. அந்த நாட்களில் எல்லாப் பழியையும் மழை சுமந்தது. மழை விட்டதும் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன். "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார் முதலாளி. பிறகு போன் செய்தபோது பின்னணியில் பாட்டுக் கேட்டது. "கேக்குதா மேடம்? காலையிலேர்ந்து உங்க சிஸ்டம்லதான் பாட்டு ஓடுது. ஒரு வாட்டிகூட நிக்கல."

வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலமே நின்றது.

அடுத்த முறை ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினான் பையன். இது ரிச்சி ஸ்ட்ரீட்டின் கைவைத்தியம். சிரிக்க வேண்டியதில்லை, பாதி நேரம் பலிக்கும். பற்களில் படிந்த மெல்லிய அழுக்கு போய்விடும், கழற்றி மாட்டுவதில் பிடிப்பும் சரியாகும். எங்கள் சிஸ்டமும் சில நாள் சாதுவாக இருந்தது. மறுபடி தொடங்கியதும் கடையில் முறையாகச் சோதனையில் இறங்கினார்கள். அந்தச் சோதனை எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

முதலில் என் ராம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, கடையிலிருந்து வேறு ராம் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் டிரேஸ் எடுக்கும்போது சிஸ்டம் அணைந்தது. ஆகவே ராமில் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. பழைய ராம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றித் தந்தார்கள். ராப்பர் செய்யும்போது அணைந்தது. ஆகவே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் குற்றமில்லை. அதுவும் திரும்ப வந்தது. "ரெண்டும் பாத்தாச்சு மேடம். மிச்சம் மதர்போர்டுதான்." போர்டு வாரன்டிக்குப் போய், சில நாட்கள் கழித்து வேறு போர்டு வந்தது. சிஸ்டம் அதிலும் அணைந்தது. இனி பிராசஸர் ஒன்றுதான் பாக்கி என்றார்கள். பிராசஸர் கெட்டுப்போய்ப் பார்த்ததே இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் மாடி வீட்டு சார் டிரேஸ் விஷயமாகக் கீழே இறங்கி வந்தார். சங்கத்துக்காக ஒரு சுற்றறிக்கை அடிக்க வேண்டியிருந்தது. தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்ச் பராமரிப்பில் இருந்து, அது பி.எஸ்.என்.எல். ஆன பிறகு ஓய்வுபெற்றவர். விண்டோஸுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. மவுஸைக்கூடக் கொஞ்சம் பயத்தோடுதான் தொடுவார். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டார்.

"என்ன செய்யும்போது நிக்குதும்மா?"

"எல்லாம் செய்யும்போதும்தான் சார்."

"அப்படி ஒரு ஃபால்ட் கிடையாது. எழுதி வெச்சிருக்கியா?"

எழுதிவைக்கவில்லை. அவர் வேலை பார்த்த காலத்தில் 198-க்குப் போன் செய்து புகார் சொன்னால் ஒரு டாக்கெட் எண் கொடுப்பார்கள். எந்த நேரம், என்ன புகார், யார் போனார்கள், என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அந்த டாக்கெட்டில் ஏறும். எப்போதும் செத்துக் கிடக்கும் லைனைச் சரிசெய்வது சுலபமாம். வந்துவந்து போகிற பழுதுதான் ஆளைக் கொல்லுமாம். நாம் போய்ப் பார்க்கும்போது அது நன்றாகவே இருக்கும். "அதுக்கு டாக்கெட்டைத் தவிர வேற ஆயுதம் இல்லை" என்றார். இரண்டாவது கேள்வி: "நிக்கும்போது ஸ்கிரீன் என்ன கலர்?"

பளிச்சென்று மறைவதால் எனக்குத் தெரியவில்லை. பெங்களூரில் இருந்த என் தம்பிக்குப் போன் செய்தேன். விண்டோஸில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்றான். உள்ளே பெரிய பழுது வந்தால் நீலத் திரை விழும். அதை நாம் படித்து முடிக்கும் முன்பே தானாக ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி. அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தில் ஒரு டிக் இருக்கும். "அதை எடுத்துடுக்கா. அப்புறம் நீலம் வந்தா வந்த எடத்துலயே நிக்கும்" என்றான்.

எடுத்தேன். கல்யாணப் பத்திரிகை ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன்.

சில நாளில் அந்தப் பக்கமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "காலை 11.10, ராப்பர், நீலம், எண் 50." "மதியம், ராப்பர், நீலம், எண் 24." "மாலை 6.40, டிரேஸ், கருப்பு, தானாக ரீஸ்டார்ட்." "மாலை 7, டிரேஸ், கருப்பு." டிக்கை எடுத்த பிறகும் சில சமயம் நீலம் வந்து நின்றது, சில சமயம் நீலமே இல்லாமல் கருத்து, தானாக மறுபடி எழுந்தது. நீலம் விழுந்தபோதெல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் ஒரு குட்டி ஃபைல் சேர்ந்திருந்தது. கருப்புக்கு ஒன்றும் இல்லை. விண்டோஸுக்கே தெரியாமல் காலடியிலிருந்து கரண்ட் உருவப்பட்டிருக்கிறது.

நோட்டைப் பார்த்ததும் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இது ரெண்டு ஃபால்ட்டும்மா. ஒரே லைன்ல ரெண்டு ஃபால்ட் இருந்தா, ஒண்ணைச் சரி பண்ணாலும் சப்ஸ்கிரைபர் கம்ப்ளெயின்ட் நிக்காது. நாம செஞ்சது தப்புன்னு நெனச்சு, சரி பண்ணதையும் பழையபடி ஆக்கிட்டு வந்துடுவோம்."

அதுதான் நடந்திருந்தது. ராமை மாற்றியபோது நீலம் ஓய்ந்திருக்கும், ஆனால் கருப்பு வந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியபோது கருப்பு ஓய்ந்திருக்கும், ஆனால் நீலம் வந்தது. "சிஸ்டம் அணையுது" என்ற ஒரே புகாரின் கீழ் இரண்டையும் சேர்த்து எழுதியதால், குற்றவாளிகள் இருவரும் ஒருவருக்கு ஒருவர் சாட்சி சொல்லி விடுதலை ஆகிவிட்டார்கள். நடுவில் ஒரு பாவமும் அறியாத மதர்போர்டு தண்டனை அனுபவித்தது.

முதலில் நீலத்தைப் பிடித்தோம். நீலத் திரையில் வரும் எண் ஒவ்வொரு தடவையும் மாறியது. 24 என்றால் ஃபைல் சிஸ்டம் சம்பந்தப்பட்டது, ஆகவே ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகம் போகும். 50 என்றால் நினைவகத்தில் இல்லாத இடத்தைத் தேடிப் போனது என்று பொருள். எப்போதும் ஒரே எண்ணும் ஒரே டிரைவரின் பெயரும் வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகிக்கலாம். எண் தினுசு தினுசாக மாறினால் அடித்தளமே ஆடுகிறது, ராமைப் பார் என்றான் தம்பி. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சின்ன இலவச சாஃப்ட்வேரை பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு செய்து சி.டி.யில் எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கு விண்டோஸே வேண்டாம். சி.டி.யிலிருந்து நேராக எழுந்து, ராமின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே போகும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் திரையின் பாதியில் சிவப்பு வரிகள். ஒவ்வொரு வரியிலும் இருந்திருக்க வேண்டிய மதிப்பு ஒரு பக்கம், இருந்தது இன்னொரு பக்கம். வரிசையாக எட்டு எஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஏழாவது எஃப் மட்டும் ஈ என்று இருந்தது. அந்தக் கணக்கில் எஃப் என்பது நாலு ஒன்றுகள். ஈ என்றால் மூன்று ஒன்றும் ஒரு பூஜ்யமும். 2 ஜி.பி. என்றால் ஏறத்தாழ 1,718 கோடி பிட்டுகள். அதில் ஒன்றோ ஒரு சிலவோ ஒன்றைப் பூஜ்யமாக்கிச் சொல்கின்றன. நூறு பாரம் புரூஃப் பார்த்த பிறகும் தப்பித்து நிற்கும் ஒற்றை எழுத்துப் பிழை மாதிரி. இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்கவில்லை.

பாட்டுப் போட்டால் வராமல் ராப்பரில் ஏன் வந்தது என்பதும் புரிந்தது. முன்னட்டை, பின்னட்டை, முதுகு எல்லாம் சேர்ந்து 12-க்கு 9 அங்குலம், 300 டி.பி.ஐ., நாலு வண்ணம் என்றால் ஓர் அடுக்குக்கே ஏறத்தாழ 39 எம்.பி. ஆகும். பத்து அடுக்கு, அன்டூ செய்வதற்காக ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் பழைய நிலைகள் எல்லாம் சேர்ந்தால் ராம் நிரம்பி வழியும். நிரம்ப நிரம்ப, கெட்ட அந்த ஓர் இடத்தை மிதிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பாட்டு கேட்பதற்குத் தேவைப்படும் ராம் கொஞ்சம்தான். அதனால் கடையில் நாள் முழுக்க ஓடியது. வீட்டில் பாட்டுக்கு நடுவே அணைந்தது அபூர்வம்.

ராமில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினோம்; பிறகு மற்றதை. ஒவ்வொன்றையும் இரண்டு பள்ளத்திலும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒரு ராம் எங்கே போட்டாலும் சுத்தம். இன்னொன்று எங்கே போட்டாலும் சிவப்பு. ஆகவே பள்ளம் கெட்டதல்ல, ராம்தான். இதைச் சொல்ல இரண்டு ராத்திரி தூக்கம் போனாலும், மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் ஒரு பழைய சந்தேகமும் தெளிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ராப்பரைத் திறந்தபோது படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரோஸ் நிறமாகிக் குறுக்கே விலகி நின்றது. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று மறுபடி செய்தேன். ராம் தவறாகச் சொன்னதை ஹார்ட் டிஸ்க் உண்மையென்று நம்பி எழுதிவைத்திருக்கிறது. அதை நினைத்தால் நீலத் திரை மேல் மரியாதையே வந்தது. தப்பென்று தெரிந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது. தப்பையே எழுதிக்கொண்டு மேலே போவதைவிட அது எவ்வளவோ மேல். வங்கிகளில், பெரிய சர்வர்களில் போடும் ராமில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாகவே வைத்து, ஒரு பிட் பிசகினால் தானே திருத்திக்கொள்ளும்படி செய்கிறார்கள். நம் வீட்டு சிஸ்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி கருப்பு. ஒரு ராமோடு சிஸ்டத்தை வைத்துக்கொண்டு டிரேஸ் எடுத்துக் காட்டச் சொன்னார் சார். மாலை ஏழு மணி. தெரு முழுக்க விளக்கு எரிகிற நேரம். பிரின்ட் கொடுத்தேன். லேசர் பிரிண்டர் உறுமியது. தலைக்கு மேல் குண்டு பல்பு ஒரு கணம் மங்கியது. மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். 'டக்' என்றது. மானிட்டரில் படம் ஓரங்களில் சுருங்கி விரிய, சிஸ்டம் அணைந்து எழுந்தது.

"கேட்டியா? ரிலே விழுது" என்றார்.

ஆயிரம் தடவை அந்த 'டக்' என் காதில் விழுந்திருக்கும். நான் கேட்டதே இல்லை. அவர் சேர்ந்த காலத்தில் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஸ்ட்ரோஜர். நாம் டயலைச் சுழற்றினால், அங்கே ஓர் அறை நிறைய இரும்புக் கைகள் ஏறி இறங்கித் திரும்பும், ஆயிரக்கணக்கான ரிலேக்கள் அடித்துக்கொள்ளும். சத்தத்தைக் கேட்டே எந்த வரிசையில் தகராறு என்று சொல்லிவிடுவார்களாம். அந்தக் காது எங்கள் முன்னறையில் உதவிற்று.

விஷயம் இதுதான். லேசர் பிரிண்டரில் மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்ட, ஃபியூசர் என்ற உருளை சுமார் 200 டிகிரி வரை சூடேற வேண்டும். சூடேறத் தொடங்கும் அந்த நொடியில் அது இழுக்கும் கரண்ட் அதிகம். பழைய வீடு, மெல்லிய ஒயர், மாலை நேரத்தில் ஏற்கெனவே இறங்கிப்போன வோல்டேஜ். பிரிண்டர் இழுத்ததும் இன்னும் இறங்கும். யு.பி.எஸ். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பேட்டரிக்கு மாறும். மாறுவதற்குச் சில மில்லி விநாடி ஆகும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வயிற்றில் இருக்கும் பெரிய கபாசிட்டர். முழுச் சுமையிலும் 16, 17 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். விதி. கேபினெட்டோடு இலவசமாக வருவதில் அந்தக் கபாசிட்டரைத்தான் முதலில் சிக்கனம் பிடிப்பார்கள். அது தாங்காவிட்டால் 'பவர் குட்' என்ற சிக்னல் விழும், போர்டு உடனே ரீசெட் ஆகும். நீலத் திரை காட்டக்கூட விண்டோஸுக்கு நேரம் இருக்காது.

சார் தன் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து மஞ்சள் ஒயரில் வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.9. ஐந்து சதவீதம் ஏற இறங்க அனுமதி உண்டு, அதாவது 11.4 முதல் 12.6 வரை. சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, எல்லாம் ஒழுங்கு. "மீட்டர் நல்லதுன்னுதான் சொல்லும். அது சராசரி காட்டற ஆளு. கண் மூடித் திறக்கறதுக்குள்ள விழுந்து எழுந்தா அதுக்குத் தெரியாது" என்று பையில் போட்டுக்கொண்டார்.

பரணில் கிடந்த பழைய பெண்டியம் 4-இலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றினோம். லேபிளில் 300 வாட் என்றிருந்தது. ஒரு கையில் அதையும் மறுகையில் புது 450 வாட்டையும் வைத்துப் பார்த்தால் 300-தான் கனம். பழையதன் பிளக்கில் 20 பின், புது போர்டில் 24. ஓரத்தில் நாலு துளையைக் காலியாக விட்டு மாட்டினால், எங்கள் சிஸ்டம் போன்ற சின்னச் சுமைக்கு அது போதும். பிரின்ட் கொடுத்தேன். பல்பு மங்கியது. 'டக்.' சிஸ்டம் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த பக்கத்தை அனுப்பியது.

நான் போய் சார் காலில் விழாத குறை. அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "இப்ப அந்த 450 வாட் குப்பையைத் திரும்ப மாட்டு" என்றார். எனக்குப் புரியவில்லை. சரியானதைக் கழற்றிக் கெட்டதை ஏன் மாட்ட வேண்டும்? வந்துவந்து போகிற பழுதில், வராமல் இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது என்றார் அவர். ரப்பரால் தேய்த்தபோதும்தான் சில நாள் வரவில்லை. நாம் கூப்பிட்டபோது பழுது வர வேண்டும், போகச் சொன்னபோது போக வேண்டும். அப்போதுதான் பிடித்தோம் என்று அர்த்தம். புதியதை மாட்டி பிரின்ட் கொடுத்தேன். சிஸ்டம் செத்தது. பழையதை மாட்டினேன். ஓடியது. கெட்ட ராமைப் போட்டு ராப்பரைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் நீலம். நாங்கள் இருவரும் கைதட்டியதைக் கேட்டு உள்ளேயிருந்து வந்த என் கணவர், கம்ப்யூட்டர் நின்றதற்கா இவ்வளவு கொண்டாட்டம் என்று கேட்டார்.

அந்த வருஷத் தொகுப்புகள் ஒரு ஜி.பி. ராமிலும் பரணிலிருந்து இறங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் முடிந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலை செயின்ட் ஜார்ஜ் பள்ளி மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போய்ச் சேர்ந்தன. பொங்கல் கழிந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ராமுக்கு லைஃப்டைம் வாரன்டி. சிவப்பு வரிகளைப் படமெடுத்துக் காட்டியதும் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மேஜையில் வைத்தபோதுதான் முதலாளி முகம் மாறியது. டெஸ்டரில் செருகினார், விசிறி சுற்றியது, எல்லா விளக்கும் எரிந்தன. "நல்லாத்தானே மேடம் இருக்கு? இது உங்க வீட்டுலதான் ஓடல."

சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். அவர் சொன்னது பொய்யில்லை. லேசர் பிரிண்டர் இல்லாத வீட்டில், நல்ல ஒயரிங் இருக்கிற தெருவில் அது பல வருஷம் உழைத்திருக்கக்கூடும். பிரிண்டரும் கெட்டதல்ல, யு.பி.எஸ்.ஸும் கெட்டதல்ல. தனித்தனியாக எதைச் சோதித்தாலும் தேறிவிடும். நாலும் என் முன்னறையில் மாலை ஏழு மணிக்குச் சந்தித்தால்தான் பழுது. கொட்டேஷனில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாரன்டி இருந்தது. வரிகளுக்கு நடுவில் நடப்பதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை. அசெம்பிள் செய்து மிச்சம் பிடித்த காசு அந்தப் பொறுப்பின் விலைதான், அதை வாங்கியவர்தான் சுமக்க வேண்டும். அதனால் அன்று எஸ்.எம்.பி.எஸ்.ஸை அவரிடமே விட்டுவிட்டு, அதற்கென்று தனி வரி போட்டு பில் எழுதச் சொன்னேன். பையன் உள்ளேயிருந்து நாலைந்து கொண்டுவந்து வைத்தான். லேபிளைப் படிக்காமல், ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டேன்.